வெள்ளமும் அகப்பக்கமும்

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் நாள், இடைவிடாது பெய்த கனமழையால் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் நீரில் மூழ்க, மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் தஞ்சம் புகுந்தனர். ஆற்றுநீர் இன்னும் உயருமா? வீட்டை விட்டு வெளியேற வேண்டுமா? இத்தகைய நேரத்தில் ஆற்றோரம் வாழும் ஒவ்வொரு குடும்பமும் கேட்கும் கேள்விகள் இவை.

பேரிடர் வேளையில் புலனத்தில் செய்திகள் விரைந்து பரவும். அவற்றுள் பலவற்றை யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பது தெரியாது. நேற்றைய செய்தி இன்றைய செய்தியாக வலம் வருவதும் உண்டு. ஆகவே, நம்பத்தகுந்த அகப்பக்கத்தை அடையாளம் காண்பது உயிரைக் காக்கும் திறனாகும்.

வடிகால், நீர்ப்பாசனத் துறை நடத்தும் ‘இன்ஃபோ பஞ்சிர்’ எனும் அகப்பக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால், அங்குள்ள நீர்மட்ட நிலையங்களின் பட்டியல் தோன்றும். ஒவ்வொரு நிலையத்திற்கும் நேராக ஆற்றின் பெயர், இறுதியாக அளவிடப்பட்ட நேரம், நீர்மட்டம் ஆகியவை இடம்பெறும். இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் எனும் நான்கு நிலைகளுக்குரிய அளவுகளும் அருகிலேயே மீட்டரில் காட்டப்படும். இன்றைய நீர்மட்டத்தை அபாய அளவோடு ஒப்பிட்டு, வாசகர் தாமே நிலைமையைக் கணிக்கலாம்.

இந்த அகப்பக்கத்தை நம்புவதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, அதன் முகவரி ‘ஜிஓவி.எம்ஒய்’ என முடிகிறது. மலேசிய அரசு அமைப்புகள் மட்டுமே இம்முகவரியைப் பெற முடியும். இரண்டாவது, தகவலுக்குப் பொறுப்பான துறை எது என்பது தெளிவாகத் தெரிகிறது. மூன்றாவது, அளவிட்ட நேரம் குறிக்கப்பட்டுள்ளது. நேரம் இல்லாத நீர்மட்டம் யாருக்கும் பயன்படாது.

முகவரிக்கு அருகில் தோன்றும் பூட்டுச் சின்னத்தை மட்டும் கண்டு ஓர் அகப்பக்கத்தை நம்பிவிடக் கூடாது. நாம் அனுப்பும் தகவலை இடையில் பிறர் படிக்க முடியாது என்பதையே அச்சின்னம் உணர்த்துகிறது. அகப்பக்கத்தின் உரிமையாளர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றாகாது. மோசடி அகப்பக்கத்திலும் பூட்டு இருக்கலாம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 4,500க்கும் மேற்பட்டோரைக் கொண்டு மூன்றாண்டுகள் ஆய்வு நடத்தி, 2002ஆம் ஆண்டில் பத்து வழிகாட்டிகளை வெளியிட்டது. தகவலைச் சரிபார்க்க வழி இருத்தல், தொடர்பு முகவரி இருத்தல், அடிக்கடி புதுப்பித்தல், சிறு எழுத்துப்பிழையும் இன்றி எழுதுதல் ஆகியவை அவற்றுள் சில. எளிதில் பயன்படுத்த முடிவதும் அப்பட்டியலில் உள்ளது. தேடிய செய்தி எளிதில் கிடைக்காவிட்டால், வாசகர் அகப்பக்கத்தின் மீதே நம்பிக்கை இழக்கிறார்.

எளிமை என்பது எல்லாருக்கும் பயன்படுவதாகும். நிறங்களைப் பிரித்தறிய இயலாதவருக்குச் சிவப்பு நிறம் மட்டும் அபாயத்தை உணர்த்தாது. சொல்லும் எண்ணும் உடன் இருக்க வேண்டும். இணைய வேகம் குறைந்த இடத்தில் பெரிய படங்கள் திறக்கத் தாமதமாகும். முதியவர் ஒருவர் கைப்பேசியில் படிக்க, எழுத்து போதிய அளவில் இருத்தல் அவசியம்.

பள்ளித் தமிழ்மொழிக் கழகத்திற்கு அகப்பக்கம் உருவாக்கும் மாணவர்களும் இவற்றைக் கடைப்பிடிக்கலாம். எழுதியவர் யார், தகவல் எங்கிருந்து கிடைத்தது, எந்த நாளில் புதுப்பிக்கப்பட்டது என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். முடிந்துபோன போட்டியின் அறிவிப்பை நீக்க வேண்டும். வெளியிடுவதற்கு முன், அகப்பக்கத்தை அறியாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஒரு தகவலைத் தேடச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம்.