பம்ப் அடித்தால் விழும் கியர்

கேள்வி: என்னிடம் 2003 மாடல் டொயோட்டா குவாலிஸ் இருக்கிறது. கொஞ்ச நாளாகக் காலையில் ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கடிக்கிறது. கிளட்ச்சை இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்தால் கியர் விழுகிறது. சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடி நின்றால் வண்டி மெல்ல நகரப் பார்க்கிறது. எங்கும் ஒழுகல் தெரியவில்லை. கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், தேனி

பதில்: அவசரப்படாதீர்கள். பிளேட் தேய்ந்த வண்டி மேட்டில்தான் காட்டிக்கொடுக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இஞ்சின் கத்தும், வேகம் ஏறாது. அங்கே கிளட்ச் பிடிப்பதில்லை. உங்கள் வண்டியில் பிரிவதில்லை. பம்ப் அடித்ததும் சரியாகிவிடுகிறது என்கிறீர்களே, அதுதான் துப்பு. தேய்ந்த பேரிங்கும் வளைந்த பிளேட்டும் பம்ப் அடிப்பதற்கு மசியாது. எண்ணெய் அழுத்தம்தான் மசியும்.

மாருதி 800-ல் கிளட்ச்சை இழுப்பது கேபிள். குவாலிஸில் அந்த வேலையை பிரேக் ஆயில் செய்கிறது. பெடல் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ள, குழாய் வழியே போகும் அழுத்தம் கியர்பாக்ஸ் பக்கத்திலுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ராடை நகர்த்தும்.

இஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். லேசாக விழுந்தால் கியர்பாக்ஸ் மேல் பழியில்லை. அடுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒருவரை கிளட்ச்சை முழுக்க மிதித்துப் பிடிக்கச் சொல்லி, கீழேயிருந்து ஸ்லேவ் ராடைக் கவனியுங்கள். பெடலிலிருந்து கால் எடுக்காதபோதே ராடு மெதுவாகப் பின்வாங்கினால் எங்கோ அழுத்தம் நழுவுகிறது. ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்குங்கள். உள்ளே ஈரமிருந்தால் ஸ்லேவ் போய்விட்டது. காருக்குள் பெடலுக்கு மேலே, ராடு மாஸ்டருக்குள் நுழையும் இடத்தையும் விரலால் தடவுங்கள். அங்கே கசிவது கால்மிதிக்கு அடியில் இறங்கும், பலர் அதைத் தூக்கிப் பார்ப்பதே இல்லை. இரண்டும் உலர்ந்திருந்தால், மாஸ்டருக்குள் இருக்கும் கப் வாஷர் தேய்ந்து எண்ணெய் குடுவைக்கே திரும்பிப் போகிறது. ஒரு சொட்டுகூட வெளியே வராது. உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது ரப்பர் ஹோஸ் உப்பினால் அதையும் மாற்றுங்கள்.

வாஷர் கிட் மட்டும் போட்டால் போதும் என்பார்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இத்தனை வயதான சிலிண்டரின் உட்சுவரை அது அரித்திருந்தால் புது வாஷரும் சீக்கிரமே கிழியும். நானாக இருந்தால் மாஸ்டரையும் ஸ்லேவையும் முழுதாக, ஒன்றாகவே மாற்றுவேன். ஒன்றை மட்டும் மாற்றினால் புது அழுத்தத்துக்குப் பழையது ஒழுகத் தொடங்கலாம்.

பொருத்தும்போது பெடல் ராடுக்கும் மாஸ்டருக்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர் ஆட்டம் கட்டாயம் வேண்டும். இறுக்கிவிட்டால் எண்ணெய் குடுவைக்குத் திரும்பும் துளை அடைபட்டு, சூட்டில் அழுத்தம் ஏறி, கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே நிற்கும். நல்ல பிளேட்டும் அதில் கருகும். ஊற்ற வேண்டியது டாட் 3. இஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ ஊற்றினால் ரப்பர் உப்பிப்போகும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும்.

பிறகு ஏர் எடுக்க வேண்டும்: மிதி, பிடி, ஸ்லேவிலுள்ள நிப்பிளைத் திற, மூடு, அப்புறம்தான் காலை எடு. குமிழி நிற்கும்வரை இதே வரிசை. நடுவில் குடுவை காலியானால் மறுபடி முதலிலிருந்து. அப்படியும் பெடல் பஞ்சு போலிருந்தால் ஸ்லேவ் ராடைக் கையால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். தங்கிய காற்று மேலேறிக் குடுவையில் வெளிப்படும்.

ராடு நின்ற இடத்தில் நிற்கிறது, முழுதாகவும் நகர்கிறது, ஆனாலும் கியர் கடிக்கிறது என்றால் மட்டும் மெக்கானிக் சொன்னதைச் செய்யுங்கள். வேலை முடியும்வரை குமுளி, போடிமெட்டு மலைப்பாதைப் பக்கம் வண்டியைக் கொண்டுபோக வேண்டாம்.