துலாத்தட்டில் யார் பொருள்?



1998ஆம் ஆண்டை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். முந்தைய ஆண்டின் நடுப்பகுதி வரை ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்த நம் நாணயம், அவ்வாண்டு ஜனவரியில் 4 வெள்ளி 80 காசையும் தாண்டிச் சரிந்தது. செப்டம்பரில் அரசாங்கம் 3 வெள்ளி 80 காசு என்று நிலைப்படுத்திய பிறகுதான் வணிகர்களுக்கு மூச்சு வந்தது. அதற்குள் வட்டி ஏறிவிட்டது. கட்டுமான வேலைகள் பாதியில் நின்றன. சிறு குத்தகையாளர்களின் லாரிகளை வங்கி இழுத்துச் சென்றது. அந்த ஆண்டில் எங்கள் ஆலயத்தில் ஒரு புதிய கூட்டத்தைக் கண்டேன். அதுவரை திருவிழாவன்று மட்டும் வந்து மாலை வாங்கிச் சென்ற முதலாளிமார், வெள்ளிக்கிழமை அர்ச்சனைச் சீட்டு வரிசையில் எல்லாரையும்போல் நின்றார்கள்.

அதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கால் இடறினால் "அம்மா" என்றுதான் வாய் கூவும். இது நம்மவர்க்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. 2015 செப்டம்பரில் இந்தியப் பிரதமர் மோடி அமெரிக்காவிலுள்ள ஃபேஸ்புக் தலைமையகத்திற்குச் சென்றபோது, அதன் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் ஒரு செய்தியைச் சொன்னார். தம் நிறுவனம் தொடக்க காலத்தில் தடுமாறியபோது, அதை விற்றுவிடும்படி பலரும் நெருக்கியபோது, ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அவரை இந்தியாவிலுள்ள ஒரு கோயிலுக்குப் போய் வரச் சொன்னாராம். உத்தராகண்ட் மாநிலத்தில் நைனிதால் அருகே நீம் கரோலி பாபா அமைத்த கைஞ்சி தாம் ஆசிரமமே அது என்று பத்திரிகைகள் எழுதின. ஜாப்ஸ் 1974இல் அங்கே போனபோது பாபா சமாதியடைந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பாபாவைக் காணாமலே திரும்பியவர், பிற்காலத்தில் இன்னொருவரை அதே இடத்துக்கு அனுப்பியிருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வியப்பாக இருக்கிறது.

அங்கே போனவர் எதுவும் கொடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை. மனத்தெளிவைத் தேடிப் போனார். அதில் சிக்கல் ஏதும் இல்லை. காணிக்கையோடு போகும்போதுதான் ஒரு கேள்வி பிறக்கிறது.

2012ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். அவ்வாண்டு அக்டோபரில் கிங்ஃபிஷர் நிறுவனத்தின் விமானங்கள் பறப்பது நின்றது. ஊழியர் பலருக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. டிசம்பர் 18ஆம் நாள், தம் பிறந்தநாளன்று, அதன் தலைவர் விஜய் மல்லையா திருமலை வேங்கடவனுக்கு 3 கிலோ பொன்னைக் காணிக்கையாக்கினார். அவருடைய பக்தி திடீரென்று முளைத்ததன்று. புதிய விமானம் வந்தால் அதைத் திருமலையைச் சுற்றிப் பறக்கச் செய்தவர் என்று செய்திகளில் படித்திருக்கிறோம். ஆகவே அவர் பக்தியை நான் ஐயுறவில்லை. ஆனால் சம்பளம் வராத ஓர் ஊழியரின் மனைவி அந்தப் படத்தைச் செய்தித்தாளில் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? அந்தப் பொன்னில் தன் வீட்டு அரிசியும் இருக்கிறது என்று நினைத்திருக்க மாட்டாரா?

பெரியபுராணத்தில் வரும் அமர்நீதி நாயனாரும் ஒரு வணிகரே. பழையாறையில் பிறந்து, திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்களுக்கு அமுதும் உடையும் கோவணமும் அளித்தவர். பிரமசாரியாய் வந்த எம்பெருமான், காத்து வைக்கும்படி கொடுத்த கோவணத்தை மறையச் செய்து, தண்டிலிருந்த மற்றொன்றுக்கு ஈடான எடை கேட்டார். நாயனார் துணியை வைத்தார், பொன்னை வைத்தார், மணியை வைத்தார். தட்டு நிகராகவில்லை. முடிவில் மனைவியோடும் மகனோடும் தாமே துலாத்தட்டில் ஏறினார். பள்ளியில் இக்கதையைப் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தட்டில் ஏறியதெல்லாம் அவருடையது மட்டுமே, பிறர் பொருள் ஒரு குன்றிமணி அளவும் அதில் இல்லை என்பது எனக்கு நெடுநாள் கழித்தே உறைத்தது.

நம் மலாக்காவிலேயே இதற்கு ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. துக்காங் எமாஸ் சாலையில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் மலாக்கா சிட்டி சமூகத்தார் தந்த செல்வம். நகரத்தார் அதன் நிர்வாகத்தை ஏற்று நடத்தி வருகின்றனர். மாசி மகத்தில் வெள்ளி ரதம் அங்கிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் சந்நிதிக்குப் புறப்படுவதை நாம் அனைவரும் கண்டு வணங்குகிறோம். அந்த ரதத்தின் பின்னால் ஒரு பேரேடு இருக்கிறது என்பதை இளைய தலைமுறை அறியாது. செட்டியார்களின் கிட்டங்கிகளில் கணக்கு எழுதும்போது மகமை என்று ஒரு பங்கு தொழிலிலிருந்தே ஒதுக்கப்படும். சாமி பெயரில் தனிக் கணக்கு இருக்கும். அந்தப் பணம் வட்டிக்கும் போகும். வட்டி சாமி கணக்கில் வரவாகும். ஐந்தொகை எடுக்கும்போது, கொடுக்க வேண்டிய மற்றப் பாக்கிகளோடு சாமிக்குச் சேர வேண்டியதும் நிற்கும். நல்ல காலத்திலும் அது உண்டு, கெட்ட காலத்திலும் உண்டு. தொழில் ஆட்டம் காணும்போது ஓடிப் போய்ச் சாமியை அறிமுகம் செய்துகொள்ளத் தேவையில்லாத ஏற்பாடு அது. அவர்களிடம் கடன் வாங்கி நிலத்தை இழந்தவர்கள் வேறு கதை சொல்வார்கள், அதையும் மறுப்பதற்கில்லை. நான் இங்கே எடுத்துக்கொள்வது அந்தக் கணக்கு ஒழுங்கை மட்டுமே.

தோட்டத்துக் கதை வேறு. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட நாள்முதல் இந்த மாநிலத்தில் பால்மரம் பெருகியது. பால்மரம் போன இடமெல்லாம் மாரியம்மனும் போனாள். துரைமார் திருவிழாவுக்கு நன்கொடை தந்து மாலை ஏற்றது உண்மைதான். ஆனால் அம்மனுக்குக் கூரை போட்டது பெரும்பாலும் செக்ரோலில் பிடித்த தொழிலாளர் காசு. 1930க்குப் பின் ரப்பர் விலை அடியோடு விழுந்தபோது கம்பெனிகள் கூலியைக் குறைத்தன. லட்சத்திற்கும் மேற்பட்ட நம் மக்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தொழில் நொடித்தால் முதல் அடி யார் மேல் விழும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி 1998க்கு வருகிறேன். அப்போது நான் ஆலயச் செயலாளர். கும்பாபிஷேகத் திருப்பணி நிதி போதாமல் திண்டாடிக்கொண்டிருந்தோம். லாரிகள் ஓட்டிய ஒரு தொழிலதிபர் செயலவைக் கூட்டத்திற்கே வந்து, அம்மனுக்கு வெள்ளிக் கவசம் சாற்றுவதாகச் சொன்னார். "தொழில் தலைகீழாப் போயிடுச்சு, ஆத்தாதான் தூக்கி விடணும்" என்று கண் கலங்கினார். எங்களுக்கும் கண் கலங்கியது. நான் குறிப்பேட்டில் எழுதவே தொடங்கிவிட்டேன்.

மாலை கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர், வாசலில் வந்து நின்றார். "தலைவரே, ஆத்தாளுக்குக் கவசம் வேணாமுன்னு சொல்ல நான் யாரு? எம் மவன் ஐயாகிட்டதான் லாரி ஓட்டுறான். மூணு மாசமா சம்பளம் வரல. அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன்" என்றார்.

அறையில் யாரும் பேசவில்லை. அந்த அன்பர் தலைகுனிந்தார், மறுக்கவில்லை. அவர் போன பிறகுதான் வாக்குவாதம். "ஒவ்வொரு காணிக்கைக்கும் ஊற்றுக்கண் தேடினால் உண்டியலைப் பூட்டிவிட வேண்டியதுதான்" என்றார் பொருளாளர். அதில் நியாயம் இருந்தது. இன்றும் அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. உண்டியலில் விழுவதை யாரும் விசாரிக்க முடியாது. ஆனால் இது எங்கள் காதில் விழுந்துவிட்டதே! நானோ, உண்மையைச் சொன்னால், கவசத்தை வாங்கிக்கொள்ளலாம் என்ற பக்கத்தில்தான் இருந்தேன். தலைவர் மட்டும் அசையவில்லை. "டிரைவர் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்துவிட்டு வாருங்கள், அம்மன் காத்திருப்பாள்" என்று எழுதி அனுப்பச் சொன்னார். அந்தக் கடிதத்தை என் கையால்தான் எழுதினேன்.

அவர் சினந்துகொண்டார். இரண்டு ஆண்டுகள் ஆலயப் பக்கமே வரவில்லை. கும்பாபிஷேகம் ஒன்றரை ஆண்டு தள்ளிப் போனது. அன்று செய்தது தவறு என்று சொல்வோர் இன்றும் செயலவையில் உண்டு. அவர் இரண்டு லாரிகளை விற்றுச் சம்பளப் பாக்கியைச் சிறிது சிறிதாகத் தீர்த்தார் என்பதை அந்த அம்மாவின் மூலமாகவே அறிந்தோம். கவசம் பற்றிய பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு ஓர் ஆடி வெள்ளியன்று வரிசையில் நின்று குடும்பத்தார் பெயருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கினார். சீட்டு எழுதியவன் நான். பெயர், நட்சத்திரம் சொன்னார், சில்லறையை எண்ணி வைத்தார், உள்ளே போனார்.