துப்புரவு செய்த கணிப்பொறியில் செய்தி ஏன் வரவில்லை?

கணிப்பொறி மெதுவாக ஓடுகிறது என்று கருதித் துப்புரவு மென்பொருளைப் பலர் இயக்குகின்றனர். 'இத்தனை ஜிகாபைட் குப்பை அகற்றப்பட்டது' என்ற அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்து வாட்ஸ்அப்பையோ டெலிகிராமையோ சிக்னலையோ திறக்கும்போது தொல்லை தொடங்குகிறது. ஒருவருக்குச் செயலி உள்ளே விட மறுக்கிறது. மற்றொருவருக்குத் திறக்கிறது, பழைய செய்திகளைக் காணோம். இன்னொருவருக்கு எல்லாம் இருக்கிறது, புதுச் செய்தி வந்தால் மட்டும் மணி ஒலிப்பதில்லை. இம்மூன்றும் ஒரே நோய் அல்ல. காரணத்தைக் கண்டறியும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

செயலியின் ஐந்து உடைமைகள்

செய்திச் செயலி ஒவ்வொன்றும் கணிப்பொறியில் ஐந்து வகைப் பொருள்களை வைத்திருக்கிறது. முதலாவது, செயலியின் நிரல். இரண்டாவது, கேச் என்னும் தற்காலிகச் சேமிப்பு; ஒருமுறை இறக்கிய படங்களை மீண்டும் இறக்காமலிருக்க உதவுவது. மூன்றாவது, அடையாளச் சீட்டு. நீங்கள் முன்பே நுழைந்தவர் என்பதற்குச் சான்று. நான்காவது, அமைப்புக் குறிப்புகள். ஐந்தாவது, செய்திகளின் தரவுத்தளம்.

இவற்றுள் கேச் மட்டுமே அழிந்தாலும் தானே மீண்டும் உருவாகக்கூடியது. ஆனால் துப்புரவு மென்பொருளுக்குப் பொருளின் மதிப்பு தெரியாது. கோப்பின் இடம், பெயர், வயது ஆகியவற்றை வைத்தே அது முடிவு செய்கிறது. போகியன்று பழைய தாள்களோடு வீட்டுப் பத்திரத்தையும் நெருப்பில் போட்டால் என்ன ஆகும்? அதுவே இங்கும் நேரக்கூடும்.

ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யலாமா?

விண்டோஸ் அமைப்பில் ரெஜிஸ்ட்ரி என்றொரு குறிப்பேடு உண்டு. 1992இல் விண்டோஸ் 3.1 உடன் அறிமுகமாகி, 1995இல் வந்த விண்டோஸ் 95இல் இது விரிவடைந்தது. எந்தச் செயலி எங்கே இருக்கிறது, கணிப்பொறி தொடங்கும்போது எவை தாமே தொடங்கவேண்டும் என்பன போன்ற குறிப்புகள் இதில் உள்ளன.

இதைச் சுத்தம் செய்வதால் கிடைக்கும் ஆதாயத்தைக் கணக்கிடுவோம். ஒரு குறிப்பு 200 பைட் என்று கொள்க. 1,000 குறிப்புகளை நீக்கினாலும் மிச்சமாவது 2 லட்சம் பைட். 8 ஜிகாபைட் நினைவகத்தில் இது 40,000இல் ஒரு பங்கு! இவ்வளவு சிறிய லாபத்துக்காகத் தேவையான குறிப்பு ஒன்றை இழந்தால் செயலியே திறக்காமற் போகலாம். ரெஜிஸ்ட்ரி துப்புரவு மென்பொருள்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆதரிப்பதில்லை.

செய்திகள் எங்கே இருக்கின்றன?

இழப்பு எவ்வளவு என்பதை இக்கேள்வியே தீர்மானிக்கிறது. டெலிகிராமின் சாதாரண உரையாடல்கள் அந்நிறுவனத்தின் சர்வர்களில் உள்ளன. மீண்டும் நுழைந்தால் திரும்ப வந்துவிடும். வாட்ஸ்அப்பில் கைபேசியே முதன்மைக் கருவி. கணிப்பொறி அதனோடு இணைந்த துணைக் கருவி. ஆகவே கைபேசியில் உள்ள செய்திகளுக்குக் கணிப்பொறித் துப்புரவால் ஆபத்தில்லை.

சிக்னலின் நிலை வேறு. அதன் செய்திகள் அவரவர் கருவியில்தான் இருக்கின்றன. கணிப்பொறியில் அவை மறையாக்கம் செய்யப்பட்டுப் பூட்டிய பெட்டி போல் இருக்கின்றன. பெட்டி ஓரிடத்தில், அதைத் திறக்கும் சாவி வேறொரு சிறு கோப்பில். அந்தச் சிறு கோப்பு அழிந்தால் பெட்டி முழுதாக இருந்தும் பயனில்லை. சாவியின் நீளம் 256 பிட். அதாவது ஏறத்தாழ 10இன் 77ஆம் அடுக்கு அளவுக்குச் சாவிகள் இருக்கக்கூடும். நொடிக்கு லட்சம் கோடி சாவிகளைச் சோதிக்கும் பொறி ஒன்று, பேரண்டம் தோன்றிய நாள் முதல் 1,380 கோடி ஆண்டுகள் ஓடியிருந்தாலும், 10இன் 30ஆம் அடுக்கைக்கூட எட்டியிராது.

முதற் கட்டளை: அவசரப்படாதீர்கள்

பலரும் செய்வது, செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவது. இதை முதலில் செய்யக்கூடாது. ஏன்? காந்த வட்டில் ஒரு கோப்பை அழித்தால் அதன் முகவரி மட்டுமே நீங்கும். வேறொன்று மேலே எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே இருக்கும். புதிதாக நிறுவும் செயலி அதன்மேல் எழுதிவிடலாம். எஸ்.எஸ்.டி. என்னும் மின்னணு வட்டில் தகவல் மின்னூட்டமாகச் சிறைப்பட்டிருக்கிறது. 'இந்த இடம் இனித் தேவையில்லை' என்று கணிப்பொறி அறிவித்ததும் வட்டே அம்மின்னூட்டத்தை வெளியேற்றிவிடும். பின்னர் மீட்பது மிக அரிது. எனவே எஞ்சியிருப்பதைக் காப்பதே முதல் வேலை.

ஆய்வு முறை

ஓம் விதியைச் சோதிக்கும்போது மின்தடையை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? அதே ஒழுங்கு இங்கும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, விளைவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. திரையில் தோன்றும் பிழைச் செய்தியைச் சொல் மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். துப்புரவு மென்பொருள் எவற்றை நீக்கியது என்ற பட்டியல் இருந்தால் பாருங்கள்.

2. செயலியை மூடிவிட்டு அதன் தரவு அடைவை வேறோர் இடத்தில் பிரதி எடுங்கள். டெலிகிராம், சிக்னல் ஆகியவற்றின் அடைவுகள் விண்டோஸில் வழக்கமாக ஆப்டேட்டா என்னும் மறைந்த அடைவினுள், ரோமிங் என்ற பிரிவில் இருக்கும்.

3. கைபேசியில் செய்திகள் வருகின்றனவா? வந்தால் கணக்கிலும் சர்வரிலும் குறையில்லை. கணிப்பொறியில் வேறு இணையதளங்கள் திறக்கின்றனவா? திறந்தால் இணைய இணைப்பிலும் குறையில்லை. தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். பாதுகாப்புச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லுபடியாகும். கடிகாரம் தவறினால் இணைப்பு மறுக்கப்படும்.

4. செயலி மீண்டும் நுழையச் சொன்னால், அழிந்தது அடையாளச் சீட்டு. கைபேசியில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குச் சென்று திரையிலுள்ள கியூஆர் குறியை வருடினால் போதும். கைபேசியில் 14 நாள்களுக்கு மேல் வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தாவிட்டாலும் துணைக் கருவிகள் வெளியேற்றப்படும் என்பதை மறவாதீர்கள். பழி துப்புரவின்மீது வீணாக விழக்கூடும். சிக்னலில் மீண்டும் இணைக்கும்போது கைபேசியிலுள்ள பழைய செய்திகளையும் கொண்டுவரும் வசதி 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

5. மணி மட்டும் ஒலிக்கவில்லையானால், தாமே தொடங்கும் செயலிகளின் பட்டியலைப் பாருங்கள். 'வேகம் கூட்டுகிறேன்' என்று துப்புரவு மென்பொருள் அதிலிருந்து செய்திச் செயலியை நிறுத்தியிருக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும்; பட்டியல் அதில் உள்ளது.

6. செயலி திறக்கவே இல்லையானால், அதே கணிப்பொறியில் வேறொரு பயனர் கணக்கில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால், பழுது நிரலில் இல்லை, உங்கள் கணக்கின் குறிப்புகளில் இருக்கிறது. துப்புரவுக்கு முன் எடுத்த ரெஜிஸ்ட்ரி நகலையோ சிஸ்டம் ரெஸ்டோரையோ கொண்டு முந்திய நிலைக்குத் திரும்புங்கள். இவை பலிக்காதபோதே மறுநிறுவல்.

செய்து பாருங்கள்

கடவுச்சொல் உங்களுக்கு நினைவிலுள்ள இணையதளம் ஒன்றில் நுழையுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் விசைகளை அழுத்தினால் உலாவியின் துப்புரவுப் பெட்டி தோன்றும். முதலில் கேச்சை மட்டும் நீக்கி, தளத்தை மீண்டும் திறவுங்கள். நீங்கள் உள்ளேதான் இருப்பீர்கள். படங்கள் மட்டும் சற்றுத் தாமதமாக வரலாம். அடுத்து குக்கிகளை நீக்குங்கள். எல்லாத் தளங்களும் உங்களை மறந்துவிடும் என்பதால் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள். இப்போது தளம் உங்களை 'யார் நீ?' என்று கேட்கும். ஒரே பெட்டியிலுள்ள இரண்டு கட்டங்களுக்கு இவ்வளவு வேறுபாடு! அடுத்தமுறை 'அனைத்தையும் நீக்கு' என்ற பொத்தானை அழுத்துமுன், அந்த 'அனைத்தும்' எவை என்று பட்டியலைப் படித்துப் பாருங்கள்.