கஞ்சி நீக்கும் நொதி

நுழையும்முன்

தவிடு மாட்டுத் தீவனம். கழிவுப்பாகு சர்க்கரை ஆலையின் மிச்சம். இவற்றில் வளரும் நுண்ணுயிர்கள் தொழில்களுக்குத் துணையாகும் விதத்தை இப்பாடம் விளக்குகிறது.

சோழபுரத்தை உள்ளடக்கிய இராசபாளையம் வட்டாரம் பஞ்சோடும் நூலோடும் இணைந்து வாழ்வது. அங்குள்ள சத்திரப்பட்டி, காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணிக்குப் பெயர்பெற்ற ஊர். தறியில் அறுந்துவிடாமலிருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது நெசவுத்தொழிலின் மரபு. நெய்து முடித்தபின் அக்கஞ்சியே தடையாகிறது. கஞ்சி தங்கிய துணி நீரை எளிதில் உறிஞ்சாது. குருதிக் கசிவை ஏற்க வேண்டிய துணிக்கு அது பெருங்குறை அன்றோ?

அமிலத்தாலும் கஞ்சியை நீக்கலாம். ஆனால், அளவு மிகுந்தால் பருத்தி இழையும் நைந்துபோகும். கஞ்சியிலுள்ள மாவுச்சத்து, பருத்தியிலுள்ள செல்லுலோஸ் ஆகிய இரண்டும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் ஆனவை. பிணைப்பு மட்டுமே வேறு. அமிலம் இவ்வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அமைலேஸ் என்னும் நொதியோ மாவுச்சத்தின் பிணைப்பை மட்டும் வெட்டி, அதனை நீரில் கரையச் செய்கிறது. இழைக்கு ஊறு நேர்வதில்லை.

நொதித்தல் என்னும் வினையைச் சார்ந்து பிறந்த சொல் நொதி. இதற்கு ஈடான ‘என்சைம்’ என்னும் சொல்லுக்கு, ‘ஈஸ்டினுள் இருப்பது’ என்பது கிரேக்க வழிப் பொருள். 1897இல் எடுவர்டு புக்னர் என்னும் செருமானிய அறிஞர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்தார். உயிரணுக்கள் இல்லாத அச்சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்தது. இக்கண்டுபிடிப்புக்காக 1907இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

அதற்கு முன்பே, 1894இல், சப்பானியரான சோகிச்சி தகாமினே, கோதுமைத் தவிட்டில் பூஞ்சையை வளர்த்து அமைலேஸ் எடுக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அம்முறை எளியது. நனைத்த தவிட்டை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவர். ஆறியபின் பூஞ்சை வித்துகளைத் தூவி வெதுவெதுப்பில் வளர்ப்பர். பின்னர் நீரில் ஊறவைத்து வடிப்பர். வடித்த நீரில் நொதி இருக்கும்.

கரும்பாலைக் கழிவுப்பாகில் வளரும் ஈஸ்டிலிருந்து இன்வர்டேஸ் என்னும் நொதி கிடைக்கிறது. அது சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கும். ஆதலால் இனிப்புத் தயாரிப்பில் பயன்படுகிறது. இன்று பிற உயிர்களின் மரபணுவை ஈஸ்டில் புகுத்தி, அதனைக் கொண்டே அமைலேஸையும் உருவாக்க இயல்கிறது.

நொதிக்கும் எல்லை உண்டு. வெப்பமும் அமிலத்தன்மையும் தக்க அளவில் இல்லையெனில் அது செயலிழக்கும். எனவே, நொதியைக் கையாள்பவருக்கு அளவறியும் அறிவு இன்றியமையாதது. அவ்வறிவு வாய்த்தால், தவிடும் கழிவுப்பாகும் தொழிலின் மூலப்பொருள்களாகும்.

கற்பவை கற்றபின்

கஞ்சி போட்ட வெள்ளைத் துணியிலும் கஞ்சி நீக்கிய துணியிலும் ஆசிரியர் துணையுடன் அயோடின் கரைசலை ஒரு துளி இடுக. எதில் கருநீலம் தோன்றுகிறது? காரணத்தை ஒரு பத்தியில் எழுதுக.