பெருவண்டியும் சிறு காரும்: மோதலில் யாருக்குப் பாதுகாப்பு?

கனமும் உயரமும் மிக்க மோட்டார் வண்டியில் செல்வோருக்கு விபத்தில் தீங்கு குறைவு என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. எஸ்.யூ.வி. என்று வழங்கும் பெருவண்டிகள் விரைந்து பரவியமைக்கு இவ்வெண்ணமும் ஒரு காரணம் எனலாம். 2023-24ஆம் நிதியாண்டில் இந்தியாவில் விற்பனையான ஏறத்தாழ 42 லட்சம் பயணியர் வண்டிகளுள் 25 லட்சம், ‘பயன்பாட்டு வண்டிகள்’ என்னும் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றுள் பெரும்பாலானவை எஸ்.யூ.வி.களே. (இப்பெயரின் முதலெழுத்து ‘ஸ்போர்ட்’ என்பதைக் குறிக்கும். அதனைத் தமிழில் பெயர்க்க முற்பட்டால் விளையாட்டு வண்டி என்று குழந்தைகளின் பொம்மையில் போய் நிற்கும். ஆதலின் இங்கே பெருவண்டி என்றே குறிப்போம்.)

இவ்வெண்ணம் முற்றிலும் தவறன்று. முற்றிலும் சரியும் அன்று. எவ்வளவு சரி என்பதை உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கப்படும் பௌதிகத்தைக் கொண்டே பெரும்பாலும் அறிந்துவிடலாம்.

கனத்தின் கணக்கு

2,000 கிலோ நிறையுள்ள பெருவண்டி ஒன்றும், 1,000 கிலோ நிறையுள்ள சிறு கார் ஒன்றும் எதிரெதிரே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நேருக்கு நேர் மோதி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதாகக் கொள்வோம். உந்தம் அழியாது என்னும் விதிப்படி, மோதிய பின் இரண்டும் சேர்ந்து பெருவண்டி சென்ற திசையிலேயே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். எனவே பெருவண்டியின் வேகம் 60இலிருந்து 20ஆகக் குறைகின்றது, மாறுதல் 40. சிறு காரோ 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கி வந்தது, 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகின்றது, மாறுதல் 80. இம்மாறுதல் யாவும் நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவான நேரத்தில் நிகழ்ந்துவிடும். உள்ளிருப்போரின் உடல் தாங்க வேண்டிய விசையைப் பெரிதும் நிர்ணயிப்பது இந்த வேக மாறுதலே.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய லெனர்ட் எவன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், அமெரிக்காவில் நிகழ்ந்த மோதல்களின் பதிவுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். ஒரு கார் மற்றதைப்போல் இரு மடங்கு கனமாக இருந்தால், இலேசான காரின் ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பு மற்றவரைப்போல் சுமார் 12 மடங்கு என்பது அவர் கண்ட முடிவு.

இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. 40, 80 ஆகிய இரண்டையும் கூட்டினால் 120. இரு வண்டிகளின் நிறையை எப்படி மாற்றினாலும் இக்கூட்டுத்தொகை மாறாது. பங்கீடு மட்டுமே மாறும். ஒருவர் குறைத்துக்கொண்டதை மற்றவர் ஏற்கின்றார். இருவரும் 2,000 கிலோ வண்டிகளில் வந்தால் ஆளுக்கு 60. இருவரும் 1,000 கிலோ கார்களில் வந்தாலும் ஆளுக்கு 60. ஆகவே கனத்தினால் வரும் பாதுகாப்பு, தம்மினும் இலேசான வண்டிகள் சாலையில் உள்ளவரையில்தான் பயன் தரும்.

பாலத்தின் கட்டைச்சுவரைப் போன்ற அசையாப் பொருளில் மோதும்போது இந்த அனுகூலமும் இல்லை. 60 கிலோமீட்டர் வேகம் எந்த வண்டிக்கும் சுழியாகவே குறையும். அங்கே உதவுவது வண்டியின் முன்பகுதி நசுங்கும் நீளம். முன்பகுதி 40 சென்டிமீட்டர் நசுங்கி வண்டி நின்றால் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 35 மடங்கு. 60 சென்டிமீட்டர் நசுங்கினால் 24 மடங்குதான். நீண்ட முன்பகுதி தன்னில் உள்ளோரையும் காக்கும், எதிரே வருவோருக்கும் ஓரளவு உதவும். நீளமும் கனமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் நாம் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகின்றோம்.

உயரமும் இங்கே குறுக்கிடுகின்றது. முற்காலப் பெருவண்டிகளின் முன்சட்டம் சிறு காரின் சட்டத்துக்கு மேலாக அமைந்திருந்தது. ஆதலின் மோதும்போது அது சிறு காரின் வலிவான பகுதியைத் தொடாமல் அதன்மேல் ஏறியது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மோட்டார் உற்பத்தியாளர்கள் இச்சட்டங்களின் உயரத்தை ஒருமைப்படுத்தத் தாமே முன்வந்து ஒப்பந்தம் செய்தனர். காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகத்தின் கணக்குப்படி, 1989-92ஆம் ஆண்டுகளில் மோதிய எதிர்வண்டியின் ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பு, கார் மோதுவதைவிடப் பெருவண்டி மோதுகையில் 132 விழுக்காடு மிகுதியாக இருந்தது. 2013-16இல் அது 28 விழுக்காடாகக் குறைந்தது. கனம் அவ்வளவாகக் குறையாதபோதே, அமைப்பை மாற்றியதால் பெருமளவு இவ்விளைவு கிட்டியது.

நட்சத்திரங்களைப் படிக்கும் முறை

1-10-2023 முதல் நம் நாட்டில் ‘பாரத் என்கேப்’ என்னும் மோதல் சோதனைத் திட்டம் நடைமுறையில் உள்ளது. வண்டியை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், நசுங்கும் தன்மையுள்ள ஒரு தடையின்மேல், முன்பகுதியின் ஒரு பக்கம் மட்டும் படுமாறு மோதவிடுகின்றனர். தடை நிலையாக நிற்பதாகையால், வண்டி தன் இயக்க ஆற்றலைத் தானே செரிக்க வேண்டும். தன்னை ஒத்த எடையுள்ள வண்டியோடு மோதுவது போன்றது இச்சோதனை. ஐந்து நட்சத்திரம் பெற்ற 1,000 கிலோ காரும், ஐந்து நட்சத்திரம் பெற்ற 2,000 கிலோ பெருவண்டியும் தம்முள் மோதினால் விளைவு சமமாக இராது. விற்பனை விளம்பரங்கள் இதனைக் கூறுவதில்லை. ஐரோப்பியத் திட்டத்தில் 2020 முதல் 1,400 கிலோ எடையுள்ள தள்ளுவண்டி ஒன்றைச் சோதனை வண்டிக்கு எதிராக, இரண்டும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுமாறு மோதவிட்டு, தள்ளுவண்டிக்கு நேரும் சேதத்தையும் மதிப்பிடுகின்றனர். எதிரே வருவோருக்கு என்ன நேரும் என்பதற்கும் மதிப்பெண் உண்டு என்பது இதன் பொருள்.

கவிழ்தல்

பெருவண்டியின் குறை வெளிப்படுவது இங்கேதான். வகுப்பில் இதனைக் காட்டத் தீப்பெட்டி இரண்டு போதும். ஒரு பலகையின்மேல் சைக்கிள் டியூபின் துண்டு ஒன்றை ஒட்டி, ஒரு தீப்பெட்டியை அகலப் பக்கம் கீழே இருக்குமாறும், மற்றதைக் குறுகிய பக்கத்தின்மேல் நிமிர்த்தியும் வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தினால், நிமிர்ந்து நிற்பது விரைவில் கவிழும். படுத்திருப்பது கவிழாமல் வழுக்கிச் செல்லும். அடித்தள அகலத்திற்கும் ஈர்ப்பு மையத்தின் உயரத்திற்கும் உள்ள விகிதமே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

மோட்டார் வண்டியில் இடவலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவதை நிலைப்பு எண் என்று கூறலாம். அகலம் 1.50 மீட்டர், மைய உயரம் 0.55 மீட்டர் உள்ள காருக்கு இது 1.36. அகலம் 1.55, உயரம் 0.70 உள்ள பெருவண்டிக்கு 1.11. பெருவண்டியின் எடை 1,700 கிலோ என்று வைத்து, அதன் கூரைமேல், தரையிலிருந்து 1.9 மீட்டர் உயரத்தில், 100 கிலோ சாமான் ஏற்றினால் மையம் 0.77 மீட்டருக்கு உயர்ந்து, எண் 1.01 ஆகிவிடும். கூரைமேல் சுமை ஏற்றிக் கிராமச் சாலைகளில் செல்லும் களப்பணியாளர்கள் இக்கணக்கை ஒருமுறை தாமே போட்டுப் பார்ப்பது நலம்.

சமதளமான தார்ச்சாலையில் உராய்வு ஒன்றுக்குக் குறைவாகவே இருப்பதால், வண்டி பெரும்பாலும் கவிழுமுன் வழுக்கும். ஆனால் பக்கவாட்டில் வழுக்கும் சக்கரம் சாலையோர மென்மண்ணில் புதைந்தாலோ, கல்லில் தடுக்கினாலோ நிலைமை வேறு. தனித்து நேரும் கவிழ்தல்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு தடுக்கி நேர்பவையே.

இது உலகறிய வெளிப்பட்டது அமெரிக்காவில். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் பெருவண்டிகளில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை ஓட்டத்தில் பிரிந்து, வண்டிகள் தடுமாறிக் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. இவ்விபத்துகளோடு தொடர்புடையனவாக அரசு கணக்கிட்ட மரணங்கள் 271. டயரே காரணம் என்று ஒரு நிறுவனமும், வண்டியின் அமைப்பே காரணம் என்று மற்றதும் வெளிப்படையாகப் பழித்துக்கொண்டன. அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வாண்டே புதிய சட்டம் இயற்றிற்று. கவிழும் இயல்பிற்கும் நட்சத்திர மதிப்பீடு 2001 முதல் வழங்கப்படலாயிற்று.

இக்குறைக்குச் சிறந்த மருந்தாக அமைந்தது மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. வண்டி திரும்ப வேண்டிய திசையினின்று விலகினால், இச்சாதனம் ஏதேனும் ஒரு சக்கரத்திற்கு மட்டும் தானே பிரேக்கிட்டு நேர்படுத்துகின்றது. வழுக்கலைத் தடுப்பதால் தடுக்கலும் தவிர்கின்றது. 2007இல் அமெரிக்க அரசு இதனைக் கட்டாயமாக்கியபோது, தனித்துக் கவிழும் விபத்துகளைக் கார்களில் 71 விழுக்காடும் பெருவண்டிகளில் 84 விழுக்காடும் இது குறைக்கும் என்று மதிப்பிட்டது. இச்சாதனம் இல்லாத பழைய ஜீப்புகளையும் புதிய பெருவண்டிகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசலாகாது.

நம் நாட்டில் இன்னொரு வகை மிகுதி: நீளம் 4 மீட்டருக்குக் குறைவு, எடை 1,000 முதல் 1,300 கிலோ வரை, தோற்றம் மட்டும் பெருவண்டி. இவற்றில் உயரத்தின் குறை உண்டு. கனத்தின் நன்மை இல்லை.

வண்டிக்கு வெளியே உள்ளோர்

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றோர், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றோர். காரா, பெருவண்டியா என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் இவர்கள் இல்லை. அத்தேர்வின் விளைவை ஏற்கும் நிலையில் மட்டுமே உள்ளனர்.

தாழ்ந்து சரிந்த பானெட் உள்ள கார் மோதும்போது முதலில் காலில் அடி விழும். உடல் பானெட்டின்மேல் சாயும். உயர்ந்து நிமிர்ந்த முன்பகுதி இடுப்பிலும் மார்பிலும் அடித்து, ஆளை வண்டியின் முன்னே தரையில் வீழ்த்தும். குழந்தையாயின் அடி நேரே தலையில். மேற்கூறிய அமெரிக்கக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1 மீட்டருக்குச் சற்று மிகுந்த பானெட் உயரமுள்ள வண்டிகள் மோதினால், 76 சென்டிமீட்டருக்கு மேற்படாத, சரிந்த முன்பகுதியுள்ளவற்றைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு மிகுதி.

மோதலுக்கு முன்னமே, பார்வையும் மறைபடுகின்றது. ஓட்டுநரின் கண் 1.5 மீட்டர் உயரத்திலும், அதற்கு 2 மீட்டர் முன்னே பானெட்டின் விளிம்பு 1.1 மீட்டர் உயரத்திலும் இருப்பின், விளிம்பிலிருந்து 1 மீட்டருக்குள் நிற்கும் 90 சென்டிமீட்டர் உயரக் குழந்தையின் தலை அவருக்குத் தெரியாது. கண் 1.2, விளிம்பு 0.75 மீட்டர் என்று அமைந்த காரில், பானெட்டை ஒட்டி நிற்கும் அதே குழந்தையின் தலை தெரியும்.

ஒத்த முக்கோணங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைப் பள்ளி வளாகத்தில் அளந்தே காட்டலாம். நிறுத்தியிருக்கும் வண்டியில் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர, மற்றொருவர் 90 சென்டிமீட்டர் குச்சியைச் செங்குத்தாகப் பிடித்துப் பானெட்டிலிருந்து பின்னோக்கி நகர்ந்து, அதன் நுனி அமர்ந்தவர் கண்ணுக்குத் தென்படும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு இடவேண்டும். பெருவண்டி ஒன்று, கார் ஒன்று, ஊருக்கு வரும் லாரி ஒன்று ஆகியவற்றிற்கு அளந்து அட்டவணையாக எழுதிவைக்கலாம். அளக்கும்போது எஞ்சினை நிறுத்திக் கைப்பிரேக்கை இட்டு, சாவியை ஆசிரியரே தம்மிடம் வைத்துக்கொள்ளல் வேண்டும்.