எடிட்டர் மாறினாலும் தரவு தங்க வேண்டும்

எடிட்டருக்கு எக்ஸ்டென்ஷன் எழுத உட்காரும் முதல் நாளே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தரவு நான் எழுதும் மொழியை விட்டு வெளியே போகுமா? பெரும்பாலும் போகும். விஎஸ் கோடில் எக்ஸ்டென்ஷன்கள் தனி ப்ராசஸில் ஓடுகின்றன. நியோவிமில் லுவாவுக்கும் விம்ஸ்கிரிப்ட்டுக்கும் நடுவே தரவு போய்வருகிறது. லாங்குவேஜ் சர்வர் என்றால் எல்லாமே ஜேசன்.

வழியில்தான் தரவு தொலைகிறது. புக்மார்க்குகளை ஜாவாஸ்கிரிப்ட் மேப்பில் வைத்து அப்படியே விஎஸ் கோடின் குளோபல்ஸ்டேட்டில் சேமித்துப் பாருங்கள். திரும்பி வருவது காலி ஆப்ஜெக்ட். எர்ரர் எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை, பயனர் சொல்லித்தான் உங்களுக்கே தெரியவரும். செட்டுக்கும் இதே கதி. லுவாவின் சிக்கல் வேறு: அங்கே லிஸ்ட்டுக்கும் டிக்‌ஷனரிக்கும் ஒரே டேபிள்தான். காலி டேபிள் விம்ஸ்கிரிப்ட்டுக்குப் போனால் லிஸ்ட்டாகவே போய்ச் சேரும். எண் கீயையும் ஸ்ட்ரிங் கீயையும் ஒரே டேபிளில் கலந்தால் போகவே போகாது.

உள்ளே எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், வேகம் முக்கியம். ஆனால் வெளியே அனுப்பும்போது லிஸ்ட், ஸ்ட்ரிங் கீ உள்ள ஆப்ஜெக்ட், ஸ்ட்ரிங், எண், பூலியன் ஆகியவை போதும். மாற்றுவதற்கு ஒரு ஃபங்ஷன், மீட்பதற்கு ஒன்று. சேமிக்கும் தரவோடு ஒரு வெர்ஷன் எண்ணையும் போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் உங்கள் இடத்துக்கு வருபவர் நன்றி சொல்வார்.

இதைவிடப் பெரிய பள்ளம், இடத்தைக் குறிக்கும் எண். ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடு, யூடிஎஃப்-8இல் 15 பைட். அந்தச் சொல்லுக்கு அடுத்த இடத்தை ஏபிஐயில் விஎஸ் கோட் 5 என்கிறது. நியோவிம் பைட்டை எண்ணுவதால் 15 என்கிறது. ஒரு சிரிப்பு எமோஜி வந்தால் ஈமேக்ஸ் ஒன்று என்று எண்ணும், விஎஸ் கோட் இரண்டு, நியோவிம் நான்கு. வரி எண்ணிலும் ஒற்றுமை இல்லை: விஎஸ் கோடின் ஏபிஐ 0இல் தொடங்குகிறது, நியோவிமின் கர்சர் வரி 1இல். லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் இடத்தை எண்ணுவதற்கு நெடுங்காலம் யூடிஎஃப்-16ஐ மட்டுமே ஏற்றது. 2022இல் வந்த 3.17 பதிப்பில்தான் எந்த அலகில் எண்ணுவது என்று எடிட்டரும் சர்வரும் பேசி முடிவுசெய்ய வழி பிறந்தது. பேசாவிட்டால் இன்றும் யூடிஎஃப்-16தான்.

ஆங்கில எழுத்துகளை மட்டுமே வைத்துச் சோதிப்பவருக்கு இந்தப் பள்ளம் தெரியவே தெரியாது, அங்கே எல்லா அலகிலும் எண்ணிக்கை ஒன்றாகிவிடுகிறது. தமிழில் கமென்ட் எழுதுகிறவர் முதல் நாளே விழுகிறார். அதனால் வெறும் எண்ணைச் சேமிக்காதீர்கள். அது எந்த அலகில், எதிலிருந்து தொடங்கி எண்ணியது என்பதையும் கூடவே எழுதுங்கள்.

பயனர் தட்டிக்கொண்டிருக்கும்போது எண் நிலைக்காது. நியோவிமில் எக்ஸ்ட்மார்க், ஈமேக்ஸில் மார்க்கர், இரண்டும் டெக்ஸ்ட்டோடு சேர்ந்து நகரும். சேமிக்கும் நேரத்தில் மட்டும் அவற்றை எண்ணாக்குங்கள். அந்த வரியின் டெக்ஸ்ட்டையும் உடன் வைத்தால், வெளியே யாரோ கோப்பைத் திருத்தியிருந்தாலும் இடத்தைத் தேடிப் பிடிக்கலாம்.

கோட் ரிவ்யூவுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனைக் கோப்பு வையுங்கள்: ஒரு தமிழ் வரி, நடுவே ஓர் எமோஜி, அதன் பின்னே ஒரு புக்மார்க். எடிட்டரை மூடித் திறந்து, புக்மார்க் அதே எழுத்தின் மேல் நிற்கிறதா என்று பாருங்கள்.