ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கார்

ரொறன்ரோவில் குளிர் இறங்கத் தொடங்கியதும், குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க வீட்டுக்காரர்கள் வெளிக்குழாய்க்குப் போகும் வால்வை மூடிவிடுவார்கள். என்னைப் போலத் தொடர்மாடியில் இருப்பவர்களுக்குக் கோடையிலும் குழாய் இல்லை. ஆனால் கார் மிக மோசமாக அழுக்காவது இந்த மாதங்களில்தான்.

ஸ்னோவுக்கு முன்னும் பின்னும் வீதியில் கொட்டும் உப்புத்தான் காரணம். பெரும்பாலும் அது நம் சமையல் உப்பின் இனமான சோடியம் குளோரைட். மைனஸ் 10 பாகைக்குக் கீழே அது அவ்வளவாக வேலை செய்யாது என்பதால் கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் போன்றவற்றையும் பயன்படுத்துவார்கள். இவை காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. வீதி காய்ந்த பிறகும் காரின் அடியில் ஒட்டியது காயாது. நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் விடுவதால் கார் பத்திரம் என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் வெளியே உறைந்து கிடக்கும் உப்புச்சேறு தரிப்பிடத்தின் சூட்டில்தான் உருகி, இரும்பை வேகமாகத் தின்னும்.

தண்ணீர் ஊற்றி அலச வழியில்லாதபோது நான் நம்புவது அலசத் தேவையில்லாத கழுவு திரவத்தை. ஒப்டிமம் நோ ரின்ஸ் போன்றவை அந்த வகை. 8 லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 30 மில்லி போதும். நுரை வராது. நுரை வரவில்லையே என்று இன்னும் ஊற்ற வேண்டாம், கோடு கோடாகப் படிந்துவிடும்.

திரவத்தை விட முக்கியம் ஊறவைப்பது. பூந்தோட்டத்துக்கு மருந்தடிக்கும் சிறிய கைப்பம்பில் அதே கலவையை நிரப்பி, கதவுகளின் கீழ்ப்பகுதிக்கும் பின் பம்பருக்கும் தாராளமாக அடித்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். உப்பு கரையும், மணல் கரையாது. பெயின்றைக் கீறுவது அந்த மணல்தான். விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். இன்னும் நறநறத்தால் துணியை அங்கே வைக்கவே வேண்டாம், காசு போட்டுக் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோய் அழுத்தத் தண்ணீர் அடியுங்கள். போத்தலில் விற்கும் ‘தண்ணீரில்லாக் கழுவல்’ ஸ்பிறே லேசான தூசிக்கு மட்டும் சரி. உப்பேறிய காரில் அது உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம்.

துணி விடயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மைக்ரோஃபைபர் துணிகள் பலவற்றை ஒரே வாளியில் ஊறப்போடுங்கள். ஒன்றை எடுத்து நாலாக மடித்தால் எட்டுச் சுத்தமான முகங்கள் கிடைக்கும். அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்து, முகத்தை மாற்றி, ஒரு பகுதி முடிந்ததும் உடனே வேறு துணியால் துடையுங்கள். அழுக்கான துணி திரும்ப வாளிக்குள் போகக்கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு இருந்தால் இரண்டாவது வாளி தேவையில்லை. கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சில்லுகளுக்குப் பழைய துணி, அதுவும் கடைசியில்.

வெளியில் செய்வதென்றால் பூச்சியத்துக்கு மேலே இருக்கும், காற்றில்லாத பகல் வேண்டும். தரிப்பிடத்துக்குள் என்றால் கட்டட நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் கதவு விளிம்புகளைத் துடைத்து ரப்பருக்குச் சிலிக்கோன் பூசாவிட்டால், அடுத்த நாள் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் பனி பிடித்திருந்தால் கொதிதண்ணி ஊற்றுவது மட்டும் வேண்டாம், வெடித்துவிடும். கால் விரிப்பில் படிந்த வெள்ளை உப்புக் கறைக்கு வினாகிரியும் வெதுவெதுப்பான தண்ணீரும் சம அளவில் கலந்து ஒற்றி எடுங்கள்.

இவ்வளவு செய்தும் காரின் அடிப்பகுதி கழுவப்படவில்லை. துருப்பிடிப்பதும் அங்கேதான். வாளியால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. குளிர் சற்றுத் தணிந்த நாளில் காசு போட்டுக் கழுவும் இடத்துக்குப் போய், சில்லு வளைவுகளுக்குள்ளும் அடியிலும் தண்ணீர் அடியுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் அடியைத்தான் கழுவுவேன்.

மிஞ்சிய அழுக்குத் தண்ணீரை வீதியோர வடிகாலில் ஊற்றாதீர்கள். மழைநீர் வடிகாலில் விழுவது சுத்திகரிக்கப்படாமல் ஓடைகள் வழியே ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. நாம் குடிக்கும் தண்ணீரும் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது. வாளியை வீட்டுக்கு எடுத்துவந்து கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள்.